கிற்றார் ஓடாவியார்

யாழ்ப்பாணம் என்ற சொல்லை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். அதில் யாழ் இருக்கிறது. யாழ் வாசித்த பாணன் இருக்கிறான். யாழைச் செய்தவன் இல்லை.

சோழநாட்டிலிருந்து வந்த கண் தெரியாத பாணன் ஒருவன் அரசனுக்கு முன்னால் யாழ் வாசித்தான், அரசன் மகிழ்ந்துபோய் ஒரு மணல்திடலைப் பரிசாகக் கொடுத்தான், அதனால் அந்த இடத்துக்கு யாழ்ப்பாணம் என்று பெயர் வந்தது. நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்த கதை. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையிலும் இது இருக்கிறது. உண்மையோ பொய்யோ என்பது வரலாற்றுக்காரர்கள் சண்டை பிடிக்க வேண்டிய விசயம். (நானும் ஒரு காலத்தில் அந்தச் சண்டையில் சேர ஆசைப்பட்டவன்தான். யாழ். பல்கலைக்கழகத்தில் வரலாறு இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது 2006 ஆவணியில் ஏ9 பாதை பூட்டுப்பட்டது. அதற்குப் பிறகு நான் படித்தது எல்லாம் ஒஸ்லோவில் வெங்காயம் உரித்த நேரம் போக மிச்ச நேரத்தில்தான்.)

எனக்கு அந்தக் கதையில் வேறு ஒரு கேள்வி. மரம் பார்த்து எடுத்து, குடைந்து, தோல் போர்த்து, நரம்பு கட்டிக் கொடுத்த அந்த ஆளுக்கு அரசன் என்ன கொடுத்தான்? கதையில் இல்லை. கதை சொன்னவர்கள் ஒருவரும் அதைக் கேட்கவும் இல்லை.

இந்தக் கேள்வி எனக்குச் சும்மா வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துப் பெடியன், இங்கேயே பிறந்து வளர்ந்தவன், பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் கிற்றார் செய்கிற, திருத்துகிற ஒரு பட்டறையில் சேர்ந்து வேலை பழகினான். இப்போது அதுதான் அவனுடைய தொழில். நல்ல கை என்று வெள்ளைக்காரரே சொல்கிறார்கள். ஒருநாள் ஒரு பிறந்தநாள் விழாவில் ஒரு அம்மா அவனுடைய தாயிடம், "மகன் இப்ப என்ன செய்யிறார்?" என்று கேட்டா. தாய் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவர் மியூசிக் லைனில நிக்கிறார்" என்றா. கேட்டவ விடவில்லை. "பாடுறவரோ, வாசிக்கிறவரோ?" "இல்லை, கிற்றார் செய்யிறவர்... திருத்துறவர்..." "ஓ, தச்சு வேலையோ?"

மேசையில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது. எங்கடை ஆக்களுக்கு அந்தச் சிரிப்பின் அர்த்தம் விளங்கும். மரவேலையைப் பார்த்து வந்த சிரிப்பு இல்லை அது. அந்தத் தாய் பிறகு சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடியே இருந்தா.

வாசிக்கிறவன் என்றால் வித்துவான், கலைஞன். செய்கிறவன் என்றால் உடனே சாதி. நடுவில் நிற்கிற அந்தப் பெடியனுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு பெயர் இல்லை. இதற்கு உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் பார்க்கத் தொடங்கினேன். தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

பிரெஞ்சுக்காரர் இந்தத் தொழில் செய்பவரை "லூதியே" என்கிறார்கள். ஆங்கிலக்காரர் அந்தச் சொல்லை அப்படியே எடுத்து "லூதியர்" ஆக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 1972இல் இந்தத் தொழில்காரர்கள் ஒரு சங்கம் அமைத்தபோது அதற்கு அமெரிக்க லூதியர் சங்கம் என்றுதான் பெயர் வைத்தார்கள். கேட்க நல்ல கம்பீரமான சொல்.

ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் வேடிக்கை. லூதியே என்றால் "லூத்" செய்கிறவர். லூத் என்பது ஐரோப்பாவில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த நரம்புக் கருவி. பாதி பேரிக்காய் போல வயிறு உள்ளது. பின்னர் அந்தக் கருவி வழக்கொழிந்துபோனது. செய்தவர்கள் வயலின் செய்யப் போனார்கள், பிறகு கிற்றார் செய்யப் போனார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. இன்றைக்கு லூதியே என்று பெயர்ப்பலகை போட்டிருப்பவர்களில் பலர் தங்கள் வாழ்நாளில் ஒரு லூத்தும் செய்திருக்க மாட்டார்கள்.

அந்த லூத் என்ற சொல் எங்கேயிருந்து வந்தது? அரபு மொழியில் "அல் ஊத்". அரபுக்காரர் ஸ்பெயினை ஆண்ட காலத்தில் கருவியும் சொல்லும் சேர்ந்தே ஐரோப்பாவுக்குள் போயின. ஊத் என்றால் அரபியில் மரம், மரக்கட்டை. ஆக, இவ்வளவு கம்பீரமான லூதியே என்ற சொல்லின் அடியைத் தோண்டினால் கிடைப்பது "மரத்தில் வேலை செய்கிறவன்". பிரெஞ்சில் சொன்னால் மரியாதை, தமிழில் சொன்னால் சிரிப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்பானியர் நேராகவே "கித்தார்ரேரோ" என்கிறார்கள், கிற்றார்காரர் என்று சொல்வது மாதிரி. ஜேர்மன்காரர் கிற்றார் கட்டுபவர் என்று சொல்கிறார்கள். இதெல்லாம் சும்மா சொல் விளையாட்டு என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. இந்தப் பெயருக்காக ஆறு வருடம் வழக்காடிய ஊர் ஒன்று இருக்கிறது.

*

ஜேர்மனியில் சக்சனி மாநிலத்தில் மார்க்நொய்கிர்சன் என்று ஒரு சின்ன நகரம். 1677இல் அங்கே வயலின் செய்பவர்களின் தொழிற்சங்கம் ஒன்று தொடங்கியது. இன்றைய தொழிற்சங்கம் மாதிரி இல்லை, யார் அந்தத் தொழிலைச் செய்யலாம் யார் செய்யக்கூடாது என்று முடிவு செய்கிற அதிகாரம் உள்ள பழைய காலத்துச் சங்கம். அதைத் தொடங்கிய பன்னிரண்டு பேரும் யார் தெரியுமோ? அகதிகள். பக்கத்தில் இருந்த பொகேமியாவில் கத்தோலிக்க அரசு புரட்டஸ்தாந்துக்காரரை நெருக்கியபோது எல்லை தாண்டி ஓடிவந்தவர்கள். உளியையும் அச்சுப்பலகையையும் தூக்கிக்கொண்டு வந்து புதிய ஊரில் தொழிலை நட்டார்கள்.

ஒன்றரை நூற்றாண்டு கழிந்தது. கிற்றார் என்ற கருவி ஐரோப்பாவில் பரவியது. அந்த நகரத்தில் அதைச் செய்யத் தொடங்கியவர்களில் அலுமாரியும் மேசையும் செய்கிற தளபாடத் தச்சர்கள் பலர். வயலின் சங்கத்துக்குப் பொறுக்கவில்லை. 1826இல் முறைப்பாடு போனது. வாதம் என்னவென்றால், நாங்கள் கலைஞர்கள், இவர்கள் வெறும் தளபாடம் செய்கிறவர்கள், இசைக்கருவியைத் தொட இவர்களுக்கு உரிமை இல்லை. தச்சர்கள் விடவில்லை. உங்கள் சங்கம் தொடங்கியபோது கிற்றார் இந்த ஊரிலேயே இல்லை, பிறகு எப்படி அது உங்கள் சொத்து ஆகும் என்று கேட்டார்கள். 1832வரை இழுபட்டு, கடைசியில் தச்சர்களின் பக்கம் தீர்ந்தது.

அந்தத் தச்சர்களில் ஒருவரின் மகன் கிறிஸ்டியன் பிரடெரிக் மார்ட்டின். 1796இல் பிறந்தவர். வியன்னாவில் ஸ்டவ்பர் என்ற பெரிய கிற்றார் தொழில்காரரிடம் வேலை பழகியவர். வழக்கில் தங்கள் பக்கம் வென்றும், இந்த ஊரில் இனி மூச்சு விட ஏலாது என்று நினைத்தாரோ என்னவோ, 1833இல் குடும்பத்தோடு நியூயோர்க்குக் கப்பல் ஏறினார். சில வருடங்களில் பென்சில்வேனியாவில் நாசரேத் என்ற ஊரில் குடியேறினார். இன்றைக்கு உலகத்தில் கிற்றார் பிடிக்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்த மார்ட்டின் கிற்றார் அதுதான். கிற்றாரின் தலையில் பொறித்திருப்பது வாசித்தவரின் பெயர் இல்லை, செய்தவரின் பெயர்.

இந்தக் கதையில் என்னை உறுத்தியது வழக்கு இல்லை. அகதியாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அடுத்தவனுக்குக் கதவைச் சாத்தியதுதான். தங்களைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்வதற்கு அவர்களுக்கு இன்னொருவரைத் தச்சன் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒஸ்லோவில் அந்தப் பிறந்தநாள் மேசையில் சிரித்தவர்களும் அகதிகள்தான்.

*

சரி, நாங்கள் இருக்கிற நாட்டுக்கு வருவோம்.

நோர்வேஜிய மொழியில் இதற்கு இரண்டு சொல் ஓடுகிறது. ஒன்று "கிதார்மாக்கர்", மற்றது "கிதார்பிக்கர்". மாக்கர் என்றால் செய்கிறவர், பிக்கர் என்றால் கட்டுகிறவர். சப்பாத்து செய்கிறவர் ஸ்கூமாக்கர். மணிக்கூடு செய்கிறவர் ஊர்மாக்கர். (எங்கள் ஊரில் ஊர்மாக்கர் என்று ஒருவர் இருந்திருந்தால் எவ்வளவு நல்லது!) குதிரைச் சேணம் செய்கிறவர் சால்மாக்கர். வயலின் செய்கிறவர் ஃபியுலின்மாக்கர். அதேநேரம் படகு செய்கிறவர் மாக்கர் இல்லை, பிக்கர். தேவாலயத்தில் பெரிய ஓர்கன் செய்கிறவரும் பிக்கர்தான். கையில் தூக்கக்கூடியது என்றால் மாக்கர், உள்ளே மனிதன் போகக்கூடியது என்றால் பிக்கர் என்று நானாக ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கிற்றார் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது போல.

இதில் நான் கவனித்தது ஒன்று. சப்பாத்துக்கும் வயலினுக்கும் ஒரே விகுதி. தோல் தைக்கிறவரும் மாக்கர், இசைக்கருவி செய்கிறவரும் மாக்கர். மொழியிலேயே ஏற்றத்தாழ்வு இல்லை.

நோர்வேக்காரரின் தேசியக் கருவி என்று சொல்லக்கூடியது ஹார்டாங்கர் பிடில். வயலின் போலத்தான் இருக்கும். ஆனால் மேலே நாலு நரம்பு, அவற்றுக்குக் கீழே நாலோ ஐந்தோ நரம்பு தானாக அதிர்ந்து ரீங்காரம் போடும். சிப்பியும் எலும்பும் பதித்து, மையால் பூவேலை செய்து, தலையில் சிங்கமுகம் செதுக்கியிருப்பார்கள். கிடைத்தவற்றில் பழையது என்று சொல்லப்படுவது பேர்கன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் 1651 என்ற வருடமும் ஊலெ யூன்சன் யோஸ்தாட் என்ற பெயரும் இருக்கிறது. வாசித்தவரின் பெயர் இல்லை, செய்தவரின் பெயர்! அடுத்த நூற்றாண்டில் இசாக் பொத்னன், அவரின் மகன் துரொண்ட் பொத்னன் என்ற இரண்டு பேர் ஹார்டாங்கர் பகுதியில் இந்தக் கருவியை ஒரு பெரிய தொழிலாகவே நடத்தினார்கள். பிறகு தெலமார்க்கில் பொ என்ற ஊரில் ஹெல்லான் குடும்பம். 1790இல் பிறந்த யூன் ஏரிக்சன் ஹெல்லானில் தொடங்கித் தலைமுறை தலைமுறையாகப் பிடில் செய்த குடும்பம் அது. அந்தக் குடும்பத்தில் இரண்டு சகோதரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குப் போய் விஸ்கொன்சினிலும் அதே தொழிலைச் செய்தார்கள். புலம்பெயர்ந்தவன் முதலில் கொண்டு போவது கைத்தொழிலைத்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நோர்வேக்காரர் எல்லாரும் தங்கம் என்று சொல்ல வரவில்லை. 19ஆம் நூற்றாண்டில் மத எழுச்சி வந்தபோது பிடில் பிசாசின் கருவி என்று சொல்லி அடுப்பில் போட்டு எரித்தவர்களும் இவர்கள்தான். ஆனால் எரிபடாமல் தப்பிய பிடில்கள் பலவற்றின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு சின்னக் காகிதத் துண்டு ஒட்டியிருக்கும். செய்தவரின் பெயர், ஊர், வருடம். அந்தக் காகிதத் துண்டு இருந்ததால்தான் ஒஸ்லோவில் வெங்காயம் உரிக்கிற ஒரு தமிழன் இன்றைக்கு அவர்களின் பெயரைத் தமிழில் எழுதுகிறான்.

இந்த நாட்டில் பெயருக்குப் பின்னால் சட்டமும் இருக்கிறது. கைத்தொழில் பழகிச் சோதனை பாஸ் பண்ணினால் ஒரு பத்திரம். அதற்குமேல் "மெஸ்தர்" என்று போட வேண்டும் என்றால் அதற்குத் தனியாகப் படித்துப் பத்திரம் எடுக்க வேண்டும். அது இல்லாமல் மெஸ்தர் என்று போட்டால் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பெயர் என்ன செய்யும் என்று எனக்கு என் தொழிலிலேயே தெரியும். ஒரு றெஸ்ரோரண்டில் பல வருடம் கறி முழுக்க என் கையால்தான் போனது. சம்பளத் துண்டில் மட்டும் "சமையலறை உதவி" என்று இருந்தது. இங்கே ஒரு நல்ல ஒழுங்கு இருக்கிறது, ஐந்து வருடம் ஒரு தொழிலில் நின்றவர் பள்ளிக்கூடம் போகாமலே தொழிற் சோதனைக்குத் தோற்றலாம். போய் எடுத்தேன். அடுத்தநாள் அதே அடுப்பு, அதே கறி, அதே நான். பெயர் மட்டும் "கொக்". அந்தக் கிழமையில் இருந்து முதலாளி என்னைக் கேட்காமல் சாப்பாட்டுப் பட்டியலை மாற்றவில்லை. உப்புக்கூட மாறவில்லை, பெயர்தான் மாறியது.

*

இனி எங்கள் பக்கம்.

எங்கள் பழைய இலக்கியம் யாழைப் பற்றிச் சொன்னது கொஞ்சநஞ்சம் இல்லை. பொருநராற்றுப்படை யாழின் பத்தர், போர்வை, கோடு, திவவு, நரம்பு என்று ஒவ்வொரு உறுப்பையும் உவமை போட்டு விவரிக்கிறது. அதைப் படிக்கும்போது, சொன்ன புலவர் ஒரு பட்டறையில் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் படும். சிலப்பதிகாரத்தில் மாதவியின் அரங்கேற்றத்துக்கு யார் யார் வேண்டும் என்று ஒரு பெரிய பட்டியல். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன். ஒவ்வொருவருக்கும் என்ன தகுதி வேண்டும் என்பதும் இருக்கிறது. அரங்கின் நீள அகலம்கூட இருக்கிறது. யாழைச் செய்தவருக்கு மட்டும் அந்தப் பட்டியலில் இடமில்லை. அவரைத் தேட வேண்டும் என்றால் புகார் நகரத்தின் வேறு தெருவுக்குப் போக வேண்டும். தச்சர், கொல்லர், தோல் வேலை செய்பவர் என்று தொழிலாளர் இருந்த மருவூர்ப்பாக்கத்தில் ஒரு கூட்டமாக நிற்பார்.

கிழக்கிலே காரைதீவில் பிறந்த எங்கள் விபுலாநந்த அடிகளார் பல வருட ஆராய்ச்சிக்குப் பிறகு யாழ் நூலை 1947இல் தஞ்சாவூர்ப் பக்கம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றினார். அந்த விழாவில் அவருடைய ஆராய்ச்சிப்படி செய்யப்பட்ட முளரியாழ் முதலிய கருவிகளை ஊர்வலமாகக் கொண்டு வந்தார்கள். சில கிழமைகளில் அடிகளார் காலமாகிவிட்டார். நூலின் பெயர் தெரியும், ஆராய்ந்தவரின் பெயர் தெரியும். செத்துப்போன யாழைத் திரும்ப மரத்தில் எழுப்பிய அந்தக் கைகளின் பெயரை எங்களில் எத்தனை பேர் சொல்லுவோம்? தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் பெயரைத் தெரியாதவர் யாழ்ப்பாணத்தில் இல்லை. அவருடைய தவிலுக்குத் தோல் மூட்டியவரின் பெயர்?

இன்றைக்கும் அதே கதைதான். தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் இந்திய அரசு புவிசார் குறியீடு கொடுத்தது. பலாமரத்தில் குடைந்து, இருபத்துநாலு மெட்டுக்களைத் தேன்மெழுகில் பதித்து, ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு நிறுத்துகிற வேலை. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் கிடைத்தது. ஆச்சா மரத்தில் கடைவது. சந்தோசமான விசயம்தான். ஆனால் குறியீட்டில் ஊருக்குப் பெயர் இருக்கிறது, கருவிக்குப் பெயர் இருக்கிறது. செய்கிறவர் "ஆசாரி" என்று பொதுவாக நிற்கிறார்.

மிருதங்கம் இன்னும் மோசம். அதில் மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் மூன்றும் போகும். செய்பவர்களில் பெரும்பாலானோர் தலித்துகள், அதிலும் தலித் கிறிஸ்தவர்கள் பலர். பாலக்காடு மணி ஐயருக்கு 1966இல் சங்கீத கலாநிதி கிடைத்தது. அவருடைய மிருதங்கத்தின் நாதத்துக்காக அவரோடு சேர்ந்து மண்டையை உடைத்தவர் பர்லாந்து என்ற தொழிலாளர். அந்தப் பர்லாந்து பரம்பரையையும் அவர்களைப் போன்ற மற்றவர்களையும் பற்றி டி.எம். கிருஷ்ணா "செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்" என்று ஒரு புத்தகம் எழுதினார். 2020 தொடக்கத்தில் அதை வெளியிடச் சென்னைக் கலாக்ஷேத்திரா மண்டபம் தருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் இல்லை என்றது. பிறகு ஊடகக் கல்லூரி ஒன்றில் வெளியிட்டார்கள். செய்தவர்களின் பெயரை ஒரு புத்தகத்தின் மேலட்டையில் போடுவதற்கே இவ்வளவு பாடு.

*

எங்கள் ஊரில் மரவேலை செய்பவரை "ஓடாவியார்" என்போம். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கலாம். அகராதியில் ஓடாவி என்றால் மரக்கலம் செய்பவர், தச்சர் என்று இரண்டு அர்த்தமும் இருக்கும். கடலோடிய சனத்தின் சொல். நோர்வேக்காரரின் படகு பிக்கர் மாதிரித்தான்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலம். பற்றரி இல்லை, பெற்றோல் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம். எங்கள் பக்கத்துத் தேவாலயத்துக் கிற்றாரின் கழுத்து முறிந்துபோனது. கொழும்பில் இருந்து புதிது எடுக்கிற கதையே இல்லை. கொண்டுபோய் ஓடாவியாரிடம் கொடுத்தார்கள். மனிசன் அதற்கு முன்னர் கதவு, யன்னல், கட்டில் செய்தவர். கிற்றாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், காதுக்குக் கிட்டப் பிடித்தார். பிறகு முறிவுக்குள் பசை விட்டு, பழைய சைக்கிள் ரியூப்பை நாடா நாடாக வெட்டி இறுக்கிச் சுற்றி இரண்டு நாள் விட்டார். அறுந்த கம்பிக்குப் பிரேக் கேபிளின் ஒரு இழை. அந்த வருட நத்தாருக்கு அந்தக் கிற்றார் பாடியது. பிறகு இங்கே வந்து அந்தப் பெடியனின் பட்டறையில் ஒருநாள் பார்த்தேன், முறிந்த கழுத்துக்கு இறப்பர் நாடாவை இறுக்கிச் சுற்றிவைத்திருந்தார்கள். அதே வேலை!

அந்த ஓடாவியாரை எங்கள் வயதுப் பிள்ளைகள் "ஓடாவியார்" என்போம். காணி பூமி வைத்திருந்த பெரியவர்கள் "ஓடாவி, இஞ்ச வா" என்பார்கள். அந்த "ஆர்" இருக்கிறதும் இல்லாததும் யார் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. கைத்திறன் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

மட்டக்களப்பில் போர்த்துக்கேயப் பறங்கியர் இருக்கிறார்கள். தச்சு, கொல்லு, தையல் என்று கைத்தொழிலில் நின்ற சமூகம். கல்யாண வீட்டில் வயலினும் கிற்றாரும் எடுத்துக் கப்பிரிஞ்ஞா வாசிப்பதும் அவர்கள்தான். பகலில் சீவுளி பிடித்த கை இரவில் கிற்றார் பிடித்தது. செய்கிறவனும் வாசிக்கிறவனும் வேறு வேறு சாதியாக இருந்தே ஆக வேண்டும் என்பது இயற்கை விதி இல்லை என்பதற்கு எங்கள் தீவிலேயே சாட்சி இருக்கிறது.

*

அப்படியானால் என்ன பெயர் சொல்வது?

சில நண்பர்களிடம் கேட்டேன். ஒருவர் "நரம்பிசைக் கருவி வடிவமைப்பாளர்" என்றார். இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள் கிற்றார் இன்னொரு தரம் உடைந்துவிடும். அத்தோடு திருத்துவது எங்கே போனது? இந்தத் தொழிலில் புதிதாகச் செய்வதைவிடத் திருத்துவதுதான் கூட. ஒஸ்லோ மாரியில் வீட்டுக்குள் வெப்பம் போட்டால் காற்று காய்ந்து மரம் சுருங்கும், பலகை வெடிக்கும், மெட்டுக் கம்பியின் நுனி வெளியில் தள்ளிக் கையைக் கீறும். ஊரில் இருந்து ஆசையாகக் கொண்டு வந்த வீணைகளின் மெழுகும் குளிரில் வெடித்துப்போகும். இங்கே வீணை ஆசாரி யார் இருக்கிறார்? அந்தப் பெடியனிடம்தான் கொண்டு போகிறார்கள். தச்சு வேலையோ என்று சிரித்த ஆக்களின் பிள்ளைகளும் வீணை பழகுகிறார்கள் என்பதை இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு நண்பர் "லூதியர் என்றே சொல்லுங்கோ, ஒருத்தருக்கும் விளங்காது, மரியாதையாயும் இருக்கும்" என்றார். விளங்காததால் வருகிற மரியாதை எத்தனை நாளைக்கு?

"கிற்றார்க் கைவினைஞர்" என்று மூன்றாமவர் சொன்னார். இது நல்ல சொல். வினைஞர் என்பது சிலப்பதிகாரக் காலத்துச் சொல், ஓவியரையும் அப்படித்தான் அங்கே சொல்லியிருக்கிறது. எழுத்தில், பத்திரத்தில் இதைப் போடலாம் என்பது என் கருத்து. ஆனால் வாயில் வராது. பிறந்தநாள் மேசையில் ஒரு தாய் சொல்லக்கூடிய சொல்லாக அது இல்லை.

நான் சொல்வது "கிற்றார் ஓடாவியார்".

உடனே ஒருவர் கேட்டார், "அண்ணை, அதுவும் சாதிச் சொல்தானே?" நியாயமான கேள்வி. ஊரில் அந்தத் தொழில் ஒரு சாதிக்குள் பூட்டப்பட்டிருந்தது உண்மை. அந்தச் சொல்லைச் சொல்லிக் குத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது வலிக்கும் என்றால் அந்த வலிக்கு முன்னால் என் அகராதி ஆசை பெரிதில்லை. ஆனால் இவ்வளவு காலமும் பெயரை மாற்றி மாற்றிப் பார்த்தோம். தலைமயிர் வெட்டுகிறவருக்குச் சிகை அலங்கரிப்பாளர் என்று பெயர் வைத்தோம். கல்யாணத் தரகர் கேட்கிற கேள்வியை நிறுத்தினாரா? பழைய சொல்லில் இருந்த அழுக்குப் புதிய சொல்லுக்கும் ஒரு தலைமுறையில் வந்து ஒட்டிக்கொள்ளும். அழுக்கு சொல்லில் இல்லை, சொல்லைச் சுற்றிப் போட்ட வேலியில் இருக்கிறது. இந்தச் சாதிக்காரன் மட்டும்தான் இந்தத் தொழில் செய்வான், இந்தத் தொழில் செய்கிறவன் இந்தச் சாதிக்காரன் என்ற வேலி.

அந்த வேலியை ஒஸ்லோவில் ஒரு பெடியன் தன்னையறியாமலே தாண்டிவிட்டான். அவன் பரம்பரையில் யாரும் உளி பிடித்ததில்லை. மரம் பிடித்தது, போனான். அவனைப் போல நாலு பேர், நாற்பது பேர், எல்லாப் பக்கத்தில் இருந்தும் அந்தச் சொல்லுக்குள் போனால், ஓடாவியார் என்பது மாக்கர் மாதிரி, பிக்கர் மாதிரி வெறும் தொழிலின் பெயராகிவிடும். சொல்லை விட்டு ஓடுவதால் சாதி சாகாது. அந்தச் சொல்லுக்குள் எல்லாரும் கலந்து போனால் சாகும். மார்க்நொய்கிர்சன் வயலின்காரர் செய்தது முதலாவது, எங்களால் முடிந்தது இரண்டாவது என்று நம்புகிறேன்.

அதோடு ஒரு விசயம். தொழிலுக்கு எந்தப் பெயர் வைத்தாலும், ஆளின் பெயரைப் போடப் பழகுவோம். இங்கே தமிழ்ப் பிள்ளைகளின் அரங்கேற்ற அழைப்பிதழ்களில் குரு, பக்கவாத்தியம், ஒலியமைப்பு, மண்டப அலங்காரம், சிற்றுண்டி என்று எல்லாருக்கும் நன்றி இருக்கும். என் பெயரும் இரண்டொரு தரம் சிற்றுண்டியில் வந்திருக்கிறது. அதில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கும். "வீணை செய்தவர்" என்று ஒரு பெயர், "திருத்தியவர்" என்று ஒரு பெயர். தஞ்சாவூரில் எந்தப் பட்டறை, யார் குடைந்தார் என்று வாங்கும்போதே கேட்டு எழுதி வைத்தால் போதும். நோர்வேக்காரன் பிடிலின் வயிற்றுக்குள் ஒட்டிய அந்தச் சின்னக் காகிதத்துக்கு இதைவிடப் பெரிய செலவு ஆகவில்லை.

உங்கள் ஊரில் இசைக்கருவி செய்கிறவரை, திருத்துகிறவரை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள்? மலையகத்தில், மன்னாரில், மட்டக்களப்பில், தமிழ்நாட்டில் வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள். சொல்லோடு சேர்த்து, முடிந்தால், அவரின் பெயரை அவரிடமே கேட்டு நீங்களும் ஒரு இடத்தில் எழுதி வையுங்கள்.